பத்துக்கு ஒன்பது: கூண்டுச் சண்டைக்கு ஜட்ஜுகள் வந்த கதை

செமஸ்டர் முடிந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே நாளாகிவிட்டது. "பி.காம். படிக்கிற பையன் எதுக்குடா ஊர்ப்பட்ட விஷயத்தை எல்லாம் எழுதுறே?" என்று வகுப்பில் கேட்கும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு தகவல்: இந்தப் பதிவு சண்டையைப் பற்றியது. ஆனாலும் நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பரீட்சைக்குக் கேட்க மாட்டார்கள் :-)

முதலில் ஒரு பாவமன்னிப்பு.

பத்தாம் வகுப்பு வரை கராத்தே கற்றுக்கொண்டவன் நான். பிரவுன் பெல்ட்டோடு நிறுத்திவிட்டேன். போன லீவில் எங்கள் பழைய மாஸ்டர் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி. மூலையில் உட்கார்ந்து கொடி காட்ட ஆள் குறைகிறது, வா என்றார். சாப்பாடும் உண்டு என்றதால் உடனே போனேன். ஒரு கையில் சிவப்புக் கொடி, ஒரு கையில் நீலக் கொடி. யார் அடி சரியாக விழுகிறதோ அந்த நிறத்தைத் தூக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

ஒரு அரையிறுதி. இரண்டு பேருக்கும் பதினோரு வயது இருக்கும். கடைசி நொடிகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அந்த நொடியில் நீலப் பையனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. யாருடைய கை முதலில் பட்டது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் சிவப்புப் பையனின் கூட்டம் "ஹே..." என்று கத்தியது. என் கை தானாகச் சிவப்பைத் தூக்கியது. சிவப்பு ஜெயித்தது.

சாப்பாட்டு வரிசையில் அந்த நீலப் பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். அழவில்லை, கோபமும் இல்லை. "அண்ணா, நீங்க பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

என்ன சொல்வது? "பார்த்தேன்டா" என்றேன். பொய்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் பிடித்த விளையாட்டு எம்.எம்.ஏ., அதாவது கலப்புச் சண்டை. அதில் "ஜட்ஜுகள் கொள்ளையடித்துவிட்டார்கள்" என்று எத்தனை தடவை நானே திட்டியிருக்கிறேன்! அந்தக் கொள்ளைகளின் வரலாற்றை முதலிலிருந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

டிஸ்கி: தமிழில் ரெஃப்ரி, ஜட்ஜ் இருவரையும் 'நடுவர்' என்றே சொல்வோம். குழப்பம் வரும். எனவே இந்தப் பதிவில் கூண்டுக்குள் நின்று சண்டையை நடத்துபவர் ரெஃப்ரி. கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து மார்க் போடும் மூன்று பேர் ஜட்ஜுகள்.

ஜட்ஜே இல்லாத காலம்

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி. எட்டுப் பேர், ஒரே இரவு. பிரேசிலின் ராய்ஸ் கிரேஸி ஜெயித்தார். அந்த இரவில் மார்க் போட ஒருத்தரும் இல்லை, தேவையும் இல்லை. ஒருவன் விழுவான், அல்லது தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வான், அல்லது அவன் ஆட்கள் துண்டை எறிவார்கள். எந்தச் சண்டைக் கலை பெரியது என்ற கேள்விக்கு மூன்றாம் மனிதரின் கருத்து எதற்கு? சண்டையே பதில் சொல்லும் என்பதுதான் அந்த விளையாட்டின் விளம்பரமே.

இந்த அழகான கொள்கையைக் கெடுத்தது எது தெரியுமா? அறமும் இல்லை, சட்டமும் இல்லை. கேபிள் டிவி!

1994 டிசம்பர், நான்காவது யு.எஃப்.சி. வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் காசு கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி அது. ஒதுக்கிய நேரம் இரண்டு மணி. இறுதிச் சண்டையில் கிரேஸியும் டான் செவர்னும் தரையில் கட்டிப் புரண்டுகொண்டே இருந்தார்கள். செவர்ன் பெரிய மல்லர், மேலே படுத்துவிட்டார். பதினைந்து நிமிடம் தாண்டி, கீழே கிடந்த கிரேஸி காலால் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார். அருமையான முடிவு. ஆனால் பல வீடுகளில் அதற்குள் திரை கறுத்துவிட்டது, நேரம் முடிந்துவிட்டது. காசு கட்டியவன் சும்மா இருப்பானா? திருப்பிக் கேட்டான்.

அடுத்த போட்டியிலேயே, 1995 ஏப்ரலில், நேர வரம்பு வந்தது. அதன் பலன் உடனே தெரிந்தது. கிரேஸியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் மோதினார்கள். யாரும் விழவில்லை, தட்டவில்லை. நேரம் முடிந்தது, 'டிரா' என்றார்கள். பார்த்தவர்கள் ஊளையிட்டார்கள். நேர வரம்பு வைத்துவிட்டு ஜட்ஜ் வைக்காமல் இருப்பது, பரீட்சை நடத்திவிட்டுப் பேப்பர் திருத்தாமல் இருப்பது மாதிரி. அந்த வருடம் டிசம்பரில் நடந்த 'அல்டிமேட் அல்டிமேட்' போட்டியில் ஜட்ஜுகள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆக, ஜட்ஜ் என்பவர் நியாயத்துக்காக வந்தவர் அல்ல, ஒளிபரப்பு நேரத்துக்காக வந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய சண்டை (கூண்டுக்கு வெளியே)

1999 மே மாதம், அலபாமாவின் பர்மிங்காம். இருபதாவது யு.எஃப்.சி. காலியாக இருந்த ஹெவிவெயிட் பட்டத்துக்கு இரண்டு பேர். ஒருவர் கெவின் ராண்டில்மன், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் இரண்டு முறை தேசிய சாம்பியன். இன்னொருவர் நெதர்லாந்தின் பாஸ் ரூட்டன், உதையிலும் குத்திலும் பெயர் வாங்கியவர்.

ஆரம்பத்திலேயே ராண்டில்மன் தூக்கிப் போட்டு மேலே ஏறிவிட்டார். ரூட்டனின் மூக்கு உடைந்தது. ரத்தம் கொட்ட, டாக்டர் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் நேரம் போகப் போக மேலே இருந்தவர் வெறுமனே மேலே இருந்தார். கீழே இருந்தவர் முழங்கையாலும் கையாலும் தலையில் போட்டுக்கொண்டே இருந்தார். 21 நிமிடம் முடிந்ததும் மூன்று ஜட்ஜில் இரண்டு பேர் ரூட்டன் பக்கம். பட்டம் ரூட்டனுக்கு.

அப்போது ஆரம்பித்த வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஒருவனைத் தூக்கிப் போட்டு மேலே உட்கார்ந்தால் அது ஜெயிப்பதா? அல்லது கீழே கிடந்தாலும் அதிகம் அடித்தவன் ஜெயித்தவனா? மல்யுத்தம் தெரிந்தவனுக்கு ஒரு பதில், குத்துச்சண்டை தெரிந்தவனுக்கு இன்னொரு பதில். எட்டுக் கலைகளை ஒரே கூண்டில் அடைத்துவிட்டு ஒரே அளவுகோலால் அளந்தால் இதுதான் நடக்கும். ஒரு தராசில் துணியையும் பாலையும் சேர்த்து நிறுக்கச் சொன்ன கதை.

(ரூட்டன் பிறகு பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதே வருடம் நவம்பரில் ராண்டில்மன் அதை வென்றார் என்பது ஒரு ஆறுதல்.)

இந்தக் கூச்சலுக்கு மருந்தாக ஒன்று வந்தது. அடுத்த போட்டியிலேயே, 1999 ஜூலையில், ஐந்து நிமிடச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மார்க். குத்துச்சண்டையிலிருந்து அப்படியே எடுத்து வந்த பத்து மார்க் முறை. 2000 நவம்பரில் நியூ ஜெர்சி மாநில ஆணையத்தின் மேற்பார்வையில் யு.எஃப்.சி. நடந்தது. அங்கே உருவான பொது விதிகளை 2001இல் நெவாடாவும் ஏற்க, லாஸ் வேகாஸின் கதவு திறந்தது. ஜட்ஜுகளை நியமிப்பதும் மாநில ஆணையத்தின் வேலையானது, போட்டி நடத்தும் கம்பெனியுடையது அல்ல. ஆடிட்டரை யார் நியமிக்க வேண்டும் என்று நாம் ஆடிட்டிங் பேப்பரில் படித்தோமே, அதே தத்துவம்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு

பத்து மார்க் முறை ரொம்ப எளிது. சுற்றை ஜெயித்தவனுக்கு 10. தோற்றவனுக்கு 9. ரொம்பக் கேவலமாகத் தோற்றால் 8. சரிசமம் என்றால் 10-10, ஆனால் அதைக் கொடுக்காதே என்றுதான் ஜட்ஜுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பல வருடங்கள் 10-8 வருவதே அபூர்வமாக இருந்தது. நடைமுறையில் எல்லாச் சுற்றும் 10-9 தான்.

இதில் என்ன தப்பு? டாலியில் பில் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு பில்லில் பத்து ஐட்டம். ஒவ்வொன்றுக்கும் பைசா வருகிறது. கடைசியில் கூட்டி ரவுண்ட் ஆஃப் செய்தால் அதிகபட்சம் ஐம்பது பைசா வித்தியாசம் வரும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ரவுண்ட் ஆஃப் செய்துவிட்டுக் கூட்டினால்? வித்தியாசம் ரூபாய்க் கணக்கில் போகும். கூட்டுவதற்கு முன் ரவுண்ட் ஆஃப் செய்யாதே என்பது முதல் வருடப் பாடம்.

பத்து மார்க் முறை செய்வது அதைத்தான். ஒரு உதாரணம். முதல் சுற்றில் குமார் நூலிழையில் முந்துகிறான், 0.1 புள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுற்றிலும் அதே 0.1. மூன்றாவதில் சேகர் குமாரைப் புரட்டி எடுக்கிறான், 0.9 வித்தியாசம். கூட்டினால் சேகர் 0.7 முன்னால் இருக்கிறான். ஆனால் அட்டையில் ஒவ்வொரு சுற்றும் முழுப் புள்ளியாக மாறிவிடும். குமார் 10, 10, 9. சேகர் 9, 9, 10. குமார் 29-28 ஜெயிக்கிறான். ஜட்ஜ் நேர்மையானவர், கண் நன்றாகத் தெரிகிறது, விதிப்படிதான் மார்க் போட்டார். ஆனாலும் அடி வாங்கி முகம் வீங்கியவன் கையைத்தான் ரெஃப்ரி தூக்குகிறார்.

குத்துச்சண்டையில் பெரிய சண்டை 12 சுற்று. ஒரு சுற்றில் நடந்த பிழையை இன்னொரு சுற்று சரிக்கட்ட வாய்ப்பு உண்டு. எம்.எம்.ஏ.வில் சாதாரணச் சண்டை மூன்று சுற்று, பட்டச் சண்டை ஐந்து. மூன்றே வரி உள்ள பில்லில் ஒரு வரி தப்பினால் என்ன ஆகும்? மொத்தமும் தப்பும். குத்துச்சண்டைக்குத் தைத்த சட்டையை இன்னொருவனுக்கு மாட்டிவிட்டால் கை நீளமும் தோள் அகலமும் சரியாக வருமா?

இரண்டு பட்டச் சண்டைகள்

2009 அக்டோபர் 24, லாஸ் ஏஞ்சல்ஸ். லைட் ஹெவிவெயிட் சாம்பியன் லியோட்டோ மச்சிடா. அதுவரை தோல்வியே தெரியாதவர். கராத்தேக்காரர், அதனால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம். எதிரே 'ஷோகுன்' என்று அழைக்கப்படும் மவுரிசியோ ருவா. இருவரும் பிரேசில்.

ஷோகுன் அன்று புத்திசாலித்தனமாக ஆடினார். தலையைத் தேடிப் போகவில்லை. தொடையிலும் விலாவிலும் உதைத்துக்கொண்டே இருந்தார். ஐந்து சுற்றும் அதேதான். காலில் விழும் உதைக்கு ஒரு குணம் உண்டு, அரங்கில் சத்தம் எழாது, ரத்தம் வராது, ஆள் விழமாட்டான். அடுத்த நாள் காலைதான் நடக்க முடியாது. மூன்று ஜட்ஜுகளும் 48-47 என்று மச்சிடாவுக்கே கொடுத்தார்கள். அரங்கமே கூச்சல் போட்டது.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2010 மே 8, மாண்ட்ரியாலில் மறு சண்டை. இந்த முறை ஷோகுன் யாருக்கும் வேலை வைக்கவில்லை. முதல் சுற்றிலேயே மச்சிடாவை வீழ்த்தினார். "தீர்ப்பை ஜட்ஜ் கையில் விடாதே" என்று எம்.எம்.ஏ. உலகில் பழமொழி மாதிரி சொல்வார்கள். அன்று அதற்கு உயிருள்ள உதாரணம் கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காது. பேப்பர் திருத்துபவர் தப்பாகத் திருத்தினால் "நீ ஏன் நூற்றுக்கு நூறு எடுக்கவில்லை" என்று மாணவனைக் கேட்பதுபோல இருக்கிறது.

இன்னொன்று 2013 நவம்பர் 16, லாஸ் வேகாஸ். வெல்டர்வெயிட் சாம்பியன் கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர், சுருக்கமாக ஜி.எஸ்.பி. எதிரே ஜானி ஹெண்ட்ரிக்ஸ். முடிந்தபோது ஜி.எஸ்.பி.யின் முகத்தைப் பார்த்தால் தோற்றவர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் 48-47, 47-48, 48-47. பிளவுத் தீர்ப்பில் ஜெயித்தவர் ஜி.எஸ்.பி.தான்.

இங்கே அட்டையைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். இரண்டாவதும் நான்காவதும் ஹெண்ட்ரிக்ஸுக்கு. மூன்றாவதும் ஐந்தாவதும் ஜி.எஸ்.பி.க்கு. மூன்று ஜட்ஜுக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. மிச்சம் இருந்தது முதல் சுற்று. அதுதான் நூலிழைச் சுற்று. இரண்டு பேர் அதை ஜி.எஸ்.பி. பக்கம் ரவுண்ட் ஆஃப் செய்தார்கள், ஒருவர் ஹெண்ட்ரிக்ஸ் பக்கம். உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது அந்த ஒரு சுற்று. ஹெண்ட்ரிக்ஸ் அடித்த சுற்றுகளில் எவ்வளவு பலமாக அடித்தார் என்பதற்கு அட்டையில் இடமே இல்லை. யு.எஃப்.சி. தலைவர் டேனா வைட் அன்றிரவே நெவாடா ஆணையத்தைப் பகிரங்கமாகச் சாடினார். அடுத்த மாதமே ஜி.எஸ்.பி. பட்டத்தை விட்டு விலகினார், காலியான பட்டத்தை 2014 மார்ச்சில் ஹெண்ட்ரிக்ஸ் பிடித்தார்.

சோற்றில் கை வைக்கும் தீர்ப்பு

பட்டக்காரர்களுக்காவது மறு சண்டை கிடைக்கும். அடிமட்டத்தில் இருப்பவன் கதை வேறு.

யு.எஃப்.சி.யில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கும்: கூண்டில் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. பத்தாயிரம் டாலர் இறங்க, பத்தாயிரம் ஜெயிக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் இறங்க முடியும். பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் பங்கு கொடுக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். ஒரு ஜட்ஜ் ஒரு சுற்றைத் தப்பாகப் பார்த்தால் அவன் வருமானத்தில் பாதி போயிற்று. அடுத்தடுத்துத் தோற்றவனை வெளியே அனுப்பவும் தயங்க மாட்டார்கள். நாம் சோபாவில் உட்கார்ந்து "ச்சே, தப்பான தீர்ப்பு" என்று டீ குடிக்கிறோம். அங்கே ஒருவன் வீட்டு வாடகை போயிருக்கும்.

2010 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நாம் ஃபான் என்பவருக்கு இது நடந்தது. எதிரி லியோனார்ட் கார்சியா கையைச் சுழற்றிச் சுழற்றி வீசினார், பாதி காற்றில் போயிற்று. ஃபான் குறி பார்த்து அடித்தார். ஒரு ஜட்ஜ் மூன்று சுற்றையும் ஃபானுக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் 29-28 கார்சியாவுக்கு. கையை வீசுவதும் அடி விழுவதும் ஒன்றல்ல என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்களே கொதித்தார்கள். 2011 அக்டோபரில் மறு சண்டையில் ஃபான் ஜெயித்தார்.

2014 ஜூனில் நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கியில் நடந்தது இன்னும் மோசம். உள்ளூர்ப் பையன் டியாகோ சான்செஸுக்கும் இங்கிலாந்தின் ராஸ் பியர்சனுக்கும் சண்டை. ஒரு ஜட்ஜ் மூன்று சுற்றும் பியர்சனுக்கு. இன்னொரு ஜட்ஜ் மூன்று சுற்றும் சான்செஸுக்கு! ஒரே சண்டையை, ஒரே நேரத்தில், ஒரே கூண்டைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்கள். மூன்றாமவர் சான்செஸ் பக்கம் சாய, உள்ளூர் ஜெயித்தது. ஊர்க்கூட்டம் சான்செஸ் கையை அசைத்தாலே கத்தியது. ஜட்ஜ் காதில் பஞ்சு வைத்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்? சிவப்புக் கொடியைத் தூக்கிய என் கை நினைவுக்கு வந்ததா? எனக்கு வந்தது.

கண்ணுக்கும் எல்லை உண்டு. கூண்டின் தூண் மறைக்கும், ரெஃப்ரியின் உடம்பு மறைக்கும், சண்டை எதிர்ப்பக்கக் கம்பியோரம் போனால் இந்தப் பக்க ஜட்ஜுக்கு முதுகுதான் தெரியும். இதனால்தான் பிறகு ஜட்ஜுகளுக்கு முன்னால் சின்னத் திரை வைக்கும் பழக்கம் வந்தது.

சரி, தப்பான தீர்ப்பை மேல்முறையீட்டில் மாற்ற முடியாதா? நெவாடா விதிப்படி மூன்று காரணங்களுக்குத்தான் மாற்றலாம்: ஆட்கள் கூடிச் சதி செய்திருக்க வேண்டும், மார்க் கூட்டலில் பிழை இருக்க வேண்டும், அல்லது ரெஃப்ரி விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "ஜட்ஜுக்குக் கண் தெரியவில்லை" என்பது காரணம் ஆகாது.

கூட்டலில் பிழையா, அதெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். 2012 மார்ச்சில் சிட்னியில் நடந்தது. ஃப்ளைவெயிட் பட்டத்துக்கான அரையிறுதி. டெமெட்ரியஸ் ஜான்சன், இயன் மெக்கால். ஜான்சன் ஜெயித்தார் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு செய்தியாளர் கூட்டத்தில்தான் தெரிந்தது, அட்டையின் கணக்கு தப்பு. உண்மையில் அது டிரா. டிரா என்றால் இன்னொரு சுற்று ஆட வைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வீரர்கள் கூண்டைவிட்டு இறங்கியாயிற்று. ஜூனில் மறு சண்டை வைத்தார்கள், ஜான்சன் தெளிவாக ஜெயித்தார், அந்த வருடமே முதல் ஃப்ளைவெயிட் சாம்பியனும் ஆனார். மூன்று எண்ணைக் கூட்டத் தெரியாமல் ஒரு அரையிறுதி! நம் வகுப்பில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று திட்டு வாங்குபவர்கள் தலை நிமிர்ந்து நடக்கலாம் ;-)

மருந்தும் பக்கவிளைவும்

திருத்தவே இல்லை என்று சொல்ல முடியாது. 2016இல் ஆணையங்களின் சங்கம் விதிகளைத் திருத்தியது, 2017 ஜனவரி முதல் நடைமுறை. முதலில் பார்க்க வேண்டியது அடியும் பிடியும் எவ்வளவு பலன் தந்தன என்பது. அது முழுக்கச் சமமாக இருந்தால் மட்டுமே முன்னேறித் தாக்கும் வேகத்தைப் பார். அதுவும் சமம் என்றால் மட்டுமே கூண்டின் நடுவை யார் ஆண்டார் என்று பார். 10-8ஐயும் தாராளமாகக் கொடு என்றார்கள். என் கணக்கு உதாரணத்தில் சேகருக்கு இப்போது ஒரு 10-8 கிடைத்தால் 28-28, டிரா. முன்னேற்றம்தான்.

ஆனாலும் 2020 பிப்ரவரி 8, ஹூஸ்டன். சாம்பியன் ஜான் ஜோன்ஸ், எதிரே டொமினிக் ரேயஸ். முதல் மூன்று சுற்றும் ரேயஸ், கடைசி இரண்டும் ஜோன்ஸ் என்பது பார்த்த பலரின் கணக்கு. மூன்று ஜட்ஜுகளும் ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள். அதிலும் ஒருவர் 49-46, அதாவது ரேயஸ் ஒரே ஒரு சுற்றுதான் ஜெயித்தாராம். ரேயஸ் அடுத்த மூன்று சண்டைகளிலும் தோற்றார். அன்றைய அட்டை வேறு மாதிரி இருந்தால் அவர் வாழ்க்கை வேறாகியிருக்குமா? யாருக்கும் தெரியாது. அதுதான் கொடுமை.

2022 டிசம்பரில் இன்னொரு கூத்து. கனெக்டிகட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பெல்லட்டர் பட்டச் சண்டை. ரஃபியான் ஸ்டாட்ஸ் பிளவுத் தீர்ப்பில் ஜெயித்தார். ஒரு ஜட்ஜ் மட்டும் தோற்றவருக்கு ஐந்து சுற்றையும் கொடுத்து 50-45 என்று எழுதினார். அதே ஜட்ஜ் மறுநாள் நாட்டின் மறுகோடியில் லாஸ் வேகாஸில் உட்கார்ந்திருந்தார். அங்கே பேடி பிம்ப்லெட், ஜேரட் கார்டன் சண்டை. பலரும் கார்டன் ஜெயித்தார் என்றிருக்க, மூன்று ஜட்ஜுகளும் 29-28 பிம்ப்லெட்டுக்கு. தப்பாகத் திருத்திய பேப்பரை யாரும் மறுபார்வை பார்ப்பதற்குள் அடுத்த பரீட்சை ஹாலுக்கு ஆள் போய்விடுகிறார்.

வேறு வழிகள்? சுற்று முடிந்ததும் மார்க்கை எல்லோருக்கும் காட்டிவிடலாம் என்று கான்சாஸ் மாநிலம் அனுமதித்தது. 2020 மார்ச்சில் இன்விக்டா என்ற பெண்கள் போட்டியில் செய்து பார்த்தார்கள். பின்தங்கியவளுக்கு நிலைமை தெரியும், இது நல்லது. முன்னால் இருப்பவள் கடைசிச் சுற்றில் ஓடி ஒளியலாம், இது கெட்டது. தீர்ப்பு சரியாகுமா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை, தப்பு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம், சுற்று சுற்றாக வேண்டாம், முழுச் சண்டையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்கிறது. ஜப்பானின் பிரைட் போட்டிகளில் 2007 வரை அப்படித்தான். சண்டையை முடிக்க யார் முயன்றார் என்பதுதான் முதல் அளவுகோல். சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்பும் முழுச் சண்டையைப் பார்க்கும் கட்சி. என் ரவுண்ட் ஆஃப் கோபத்துக்கு இது சரியான மருந்து போலத் தெரிந்தது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ரூட்டன், ராண்டில்மன் சண்டையில் நடந்தது என்ன? சுற்று இல்லாமல் மொத்தமாகப் பார்த்த தீர்ப்புதானே அது! பிரைடிலும் 2003 ஆகஸ்டில் நோகெய்ரா, ரிக்கோ ரோட்ரிகஸ் சண்டையின் தீர்ப்புக்கு இதே கூச்சல் எழுந்தது.

மொத்தமாகப் பார்த்தால் கூச்சல் என்று சுற்றுக்குப் போனார்கள். சுற்றாகப் பார்த்தால் கூச்சல் என்று மொத்தத்துக்கு வரச் சொல்கிறார்கள். முப்பது வருடமாக இதே ராட்டினம்.

நம்ம ஜெயிச்சா?

கடைசியாக ஒன்று. 2024 ஜூன் 8, அமெரிக்காவின் லூயிவில். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் பக்கத்துப் பெண் பூஜா தோமர் யு.எஃப்.சி.யில் முதல் சண்டை. எதிரே பிரேசிலின் ரயான் டோஸ் சாண்டோஸ். பூஜா ஜெயித்தார். யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்! நள்ளிரவு தாண்டிய நேரத்தில் விடுதி அறையில் நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் வந்து கதவைத் தட்டினார்.

அந்த அட்டையை இந்தப் பதிவுக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 30-27, 27-30, 29-28. ஒரு ஜட்ஜுக்கு மூன்று சுற்றும் பூஜா, இன்னொரு ஜட்ஜுக்கு மூன்று சுற்றும் டோஸ் சாண்டோஸ். அல்புகெர்க்கியில் நடந்த அதே விசித்திரம். அன்று எங்களில் ஒருத்தனாவது "இது என்ன தீர்ப்பு?" என்று கேட்டானா? நான் கேட்கவில்லை. பூஜா தகுதியில்லாமல் ஜெயித்தார் என்று சொல்ல வரவில்லை, அவர் ஜெயித்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிளவுத் தீர்ப்பு நம் பக்கம் விழுந்தால் வரலாறு, எதிர்ப்பக்கம் விழுந்தால் கொள்ளை. ஜட்ஜுகளைத் திட்டும் நாமும் ஒரு பக்கம் ரவுண்ட் ஆஃப் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

என் தாழ்மையான கருத்து இதுதான். எந்த முறை வந்தாலும் கடைசியில் மூன்று மனிதர்களின் கண்தான். தப்பே வராத முறை கிடையாது. கணக்குப் புத்தகத்திலும் கிடையாது, அதனால்தான் ஆடிட் இருக்கிறது. எம்.எம்.ஏ.வில் இல்லாதது அது. ஒரு கம்பெனி ஆடிட்டர் 'எனக்கு அப்படித் தோன்றியது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேன் என்று பேப்பர் வைத்திருக்க வேண்டும். ஜட்ஜும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வரி காரணம் எழுதட்டும், மறுநாள் அது எல்லோர் கண்ணிலும் படட்டும். "பார்க்க முடியவில்லை" என்று எழுதவும் ஒரு கட்டம் இருக்கட்டும். தீர்ப்பு மாறாது, ஆனால் தோற்றவனுக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.

எனக்கு அப்படி ஒரு கட்டம் அன்று தேவைப்பட்டது. கராத்தேயில் அதற்கும் ஒரு சைகை உண்டு என்று மாஸ்டர் பிறகு சொன்னார். இரண்டு கொடியையும் கண்ணுக்கு நேராகக் குறுக்கே பிடித்தால் 'நான் பார்க்கவில்லை' என்று அர்த்தமாம். காலையில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தபோது நான் டிபன் வரிசையில் நின்றிருந்தேன்.

போன வாரம் மாஸ்டரிடம் அந்த நீலப் பையனைப் பற்றிக் கேட்டேன். இன்னும் வகுப்புக்கு வருகிறானாம். அடுத்த ஞாயிறு போகிறேன். "தம்பி, நான் பார்க்கலடா" என்று சொல்ல வேண்டும். கோப்பை திரும்பி வராது. ஆனால் கேட்டவனுக்குப் பதில் பாக்கி இருக்கிறது.

பி.கு.: உங்கள் பார்வையில் மிக மோசமான தீர்ப்பு எது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மச்சிடாதான் ஜெயித்தார் என்று யாராவது வந்தால், கராத்தேக்காரன் என்ற முறையில் சந்தோஷப்படுவேன், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன் :-)